வெள்ளம் வடிந்த வீட்டில் துப்புரவுச் சேவை: பில்லின் முதல் வரியும் இரண்டாம் வரியும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் சென்னை வேளச்சேரியில் உள்ள எங்கள் தரைத்தள வீட்டுக்குள் புகுந்த தண்ணீர், மூன்று நாள் நின்று வடிந்தபோது, எல்லாச் சுவரிலும் முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஒரே மட்டத்தில் ஒரு பழுப்புக் கோட்டை இழுத்துவிட்டுப் போயிருந்தது. வெறும் மழைத்தண்ணீர் என்றால் வழித்துத் தள்ளிவிட்டு, ஜன்னல்களைத் திறந்து வைத்து, காய்ந்ததும் குடிபுகுந்திருப்போம். தெருவில் பாதாளச் சாக்கடையின் மூடி தூக்கிக்கொண்டதையும், குளியலறைத் துவாரத்தின் வழியே தண்ணீர் கறுப்பாக மேலேறி வந்ததையும் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். ஆகவே அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்த எதையும் கழுவாமல் தொடுவதில்லை, கழுவியதையும் கிருமி போக்காமல் பயன்படுத்துவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டு, அதுவரை மாடி வீட்டுக்காரர்களின் தயவில் தங்கியிருந்தோம்.

அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது, எனக்கு முதுகுவலி, மனைவிக்கு அலுவலகம். வீடு முழுவதையும் நாங்களே கழுவுவது நடக்கிற காரியமில்லை என்பதால் வீட்டுத் துப்புரவுச் சேவை நிறுவனம் ஒன்றை அழைத்தோம். அதன் பெயரை எழுதவில்லை. நான் தொலைபேசியில் விசாரித்த நான்கு இடங்களிலும் ஏறத்தாழ ஒரே பட்டியலைத்தான் வாசித்தார்கள் என்பதால், நான் சொல்லப்போகும் குறை ஒருவரோடு நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது முறையாகாது. 780 சதுர அடி, இரண்டு படுக்கையறை. பில்லில் இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரி ‘டீப் கிளீனிங்’, 6,500 ரூபாய். இரண்டாவது வரி ‘சானிடைசேஷன்’, 2,200 ரூபாய். 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 10,266 ரூபாய். இந்த மதிப்புரை முழுக்க அந்த இரண்டு வரிகளைப் பற்றியதுதான்.

முதல் வரியைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை மட்டுமே உண்டு. காலை ஒன்பதரை மணிக்கு மேற்பார்வையாளர் ஒருவரும் இரண்டு இளைஞர்களும் வந்தார்கள். தரை தேய்க்கும் வட்டத் தூரிகை இயந்திரம், ஈரத்தையும் உறிஞ்சும் வாக்குவம், எண் எழுதிய கேன்கள், ஒரு மூட்டை நிறைய மைக்ரோஃபைபர் துணி. குளியலறைக்கு நீலத்துணி, சமையலறைக்குப் பச்சை என்று துணிகளை வந்தவுடனேயே பிரித்து வைத்ததைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கழிப்பறையைத் துடைத்த துணியே சமையல் மேடைக்கும் வந்துவிடுகிற வீடுகளில் எந்த மருந்தை ஊற்றியும் பயனில்லை என்பதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

அவர்கள் செய்த முதல் வேலை தண்ணீர் ஊற்றாமல் சேற்றை வழித்ததுதான். காய்ந்து ஓடு கட்டியிருந்த வண்டலைத் தகட்டால் சுரண்டி அள்ளி, பதினொரு சாக்கு நிரப்பிய பிறகே வாளியைத் தொட்டார்கள். பால்கனி நகர்கதவின் தண்டவாளத்துக்குள் விரல் நுழையாத ஒரு பள்ளம் உண்டு. பத்து ஆண்டுகளாக நாங்கள் அங்கே துடைத்ததாக எனக்கு நினைவில்லை. இருவரில் இளையவர் பழைய பல்துலக்கி ஒன்றை எடுத்து, அந்தப் பள்ளத்தில் குனிந்து உட்கார்ந்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நாற்பது நிமிடம் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கக் கறுப்பாக வந்த நீரை வாக்குவம் உறிஞ்சியது. நான்காவது முறை ஊற்றிய தண்ணீர் தெளிவாக வந்த பிறகுதான் எழுந்தார். சுவரடியில் ஒட்டியிருக்கும் ஸ்கர்ட்டிங் டைல்களின் மேல் விளிம்பில் ஒரு நூல் அளவுக்குச் சேறு படிந்திருந்ததை நான் பார்க்கவே இல்லை, அவர் பார்த்தார்.

நேர்மையும் இருந்தது. சமையலறையின் கீழ் அலமாரிப் பலகைகள் தண்ணீர் குடித்து ஊதியிருந்தன. அவற்றையும் கழுவித் தருகிறோம் என்று சொல்லிக் காசு வாங்கியிருக்கலாம். “இது பிளைவுட் சார், உள்ள வரைக்கும் சாக்கடைத் தண்ணி போயிருக்கு. மேல எதப் போட்டுத் துடைச்சாலும் நிக்காது, கழட்டிடுங்க” என்றார் மேற்பார்வையாளர். அது முற்றிலும் சரியான பேச்சு. டைல், கிரானைட், எஃகு, கண்ணாடி போல நீர் ஊறாத பரப்புகளைத்தான் கழுவிக் கிருமி நீக்க முடியும். மெத்தை, பஞ்சுத் தலையணை, அட்டை, ஊதிய பலகை ஆகியவற்றில் மருந்து மேலோடு நின்றுவிடும், கழிவுநீர் உள்ளே இருக்கும். மூன்று மெத்தைகளை அன்று மாலையே தெருமுனைக்கு அனுப்பினோம். அம்மா தம் அம்மியை மட்டும் விடமாட்டேன் என்றார். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இடையில் ஒரு விபரீதம் நடக்கவிருந்தது. மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் எங்களுக்கு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருவது. உப்பு அதிகம், டைல்களில் வெள்ளைத் திட்டுத் திட்டாகப் படியும். அதை எடுக்கக் குளியலறையில் அமிலம் கலந்த திரவம் ஒன்றை ஊற்றி ஊறவிட்டிருந்தார்கள். நான் அது தெரியாமல், கழிப்பறைக் கோப்பைக்காக முதல்நாள் இரவே கரைத்து வைத்திருந்த பிளீச்சிங் பவுடர் தண்ணீரைக் கொண்டுபோய் ஒரு மூலையில் கொட்டினேன். மூன்று நொடிகூட ஆகவில்லை. கண்ணில் மிளகாய்ப்பொடி தூவியது போல எரிந்தது, நெஞ்சு அடைத்து இருமல் வந்தது. மேற்பார்வையாளர் என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து, அந்த வீட்டின் எல்லாக் கதவு ஜன்னல்களையும் திறந்துவிட்டு, அரை மணி நேரம் யாரையும் உள்ளே விடவில்லை. பிளீச்சிங் பவுடரோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கழிப்பறை கழுவப் பெரும்பாலான வீடுகளில் இருக்கும் ஹார்பிக் போன்றவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம்; தள்ளுவண்டியில் புட்டியில் விற்கும் ‘ஆசிட்’டும் அதுவே. அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவங்களோடு பிளீச் சேர்ந்தாலும் நச்சு வாயு உண்டாகும். இந்தத் தவறு என்னுடையது. நிறுவனத்தின் மேல் போடுவதற்கு இதில் ஒன்றுமில்லை, சொல்லப்போனால் அன்று அவர்கள்தான் என்னைக் காப்பாற்றினார்கள்.

மாலை நான்கரை மணிக்கு முதல் வரி முடிந்தது. வீடு நான் வாங்கிய நாளில் இருந்ததைவிட வெளுப்பாக இருந்தது. அதன் பிறகு இரண்டாம் வரி தொடங்கியது.

முதுகில் மாட்டிக்கொண்டு புகை வீசும் ஒரு கருவி. குளிர்புகை என்கிறார்கள், சூடில்லாமல் திரவத்தை மிக நுண்ணிய துளிகளாக்கி வீசும். எங்களை வெளியே நிறுத்தி, மின்விசிறிகளை நிறுத்தி, அறை அறையாகப் போய்ப் பனிமூட்டம் போல ஒன்றைப் பரப்பினார்கள். எலுமிச்சை வாசனை வராந்தா வரை வந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் தொடங்கிக் கூடத்தில் முடிய மொத்தம் பன்னிரண்டு நிமிடம். முதல் வரிக்கு ஏழு மணி நேரம் உழைத்ததற்கு நிமிடத்துக்குப் பதினைந்தரை ரூபாய் விழுகிறது. இரண்டாம் வரிக்கு நிமிடத்துக்கு 183 ரூபாய். விலை ஒரு பக்கம் இருக்கட்டும், வேலை நடந்திருந்தால் கொடுத்திருப்பேன்.

அவர்கள் கீழே வைத்திருந்த கேனை எடுத்து வாசித்தேன். பென்சல்கோனியம் குளோரைடு என்று எழுதியிருந்தது. நாம் கடையில் வாங்கும் லைசால் போன்ற தரை திரவங்களிலும் அதுதான் வேலை செய்யும் பொருள். அதில் தவறில்லை, நல்ல மருந்துதான். ஆனால் அதே கேனில், பரப்பை முதலில் சுத்தம் செய்ய வேண்டும், அதன் பின் மருந்து பத்து நிமிடம் பரப்பின் மேல் ஈரமாக நிற்க வேண்டும் என்றும் அச்சிட்டிருந்தது. நான் சமையல் மேடையின் கறுப்புக் கிரானைட்டுக்கு முன்னால் போய் நின்றேன். புகை படிந்த இடம் ஊசிமுனைத் துளிகளாக மின்னியது. ஜன்னலைத் திறந்த இரண்டு நிமிடத்துக்குள் ஒரு துளிகூட இல்லை. மேடையின் அடிப்பக்கத்தைக் கைவிரலால் தடவிப் பார்த்தேன். அங்கே ஈரமே ஏறியிருக்கவில்லை.

“தம்பி, இந்த மருந்து எவ்வளவு நேரம் ஈரமா நிக்கணும்?” என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன்.

“புகையாப் போகுது சார், மூலைமுடுக்கெல்லாம் போயிடும்.”

“போறது சரி, நிக்கணுமே? கேன்ல பத்து நிமிஷம்னு போட்டிருக்கு பாருங்க.”

அவர் கேனை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இதுவரைக்கும் யாரும் படிச்சுக் கேட்டதில்ல சார்.”

அந்தப் பதிலில் பொய் இல்லை, அதுதான் வருத்தம். அவருக்குக் கற்றுத்தரப்பட்டது புகை போடுவது. மருந்து எப்படிக் கொல்கிறது என்பது அல்ல. கிருமிநாசினி தொட்ட மாத்திரத்தில் கொல்வதில்லை. எந்த மருந்தும் குறிப்பிட்ட செறிவில், குறிப்பிட்ட நேரம், அழுக்கு மறைக்காத பரப்பின் மேல் இருந்தாக வேண்டும். இந்த மூன்றில் செறிவு கேனில் இருந்தது, சுத்தத்தை முதல் வரி கொடுத்துவிட்டது, நேரத்தைத்தான் இரண்டாம் வரி திருடிக்கொண்டது. நனைந்த துணியால் மேடையைத் துடைத்து, பத்து நிமிடம் அப்படியே விட்டு, மறுபடி துடைத்திருந்தால் அதே மருந்து தன் வேலையைச் செய்திருக்கும். அதற்கு இரண்டு ஆள், ஒரு மணி நேரம் போதும். அப்படிச் செய்தால் பார்ப்பதற்கு விசேஷமாக இராது, அதற்கு யார் 2,200 ரூபாய் கொடுப்பார்கள்?

புகைமேல் நமக்கிருக்கும் இந்த மயக்கம் கொரோனா காலத்தில் வந்தது. 2020 ஏப்ரலில் திருப்பூரில் சந்தைக்கு முன்னால் கிருமிநாசினிச் சுரங்கம் அமைத்ததும், ஊர் ஊராக அதைப் பார்த்துச் செய்ததும், மனிதர் மேல் மருந்து தெளிக்கக் கூடாது என்று தமிழகப் பொதுச் சுகாதாரத் துறையே சொல்ல வேண்டியிருந்ததும் பலருக்கு நினைவிருக்கும். கட்டடங்களுக்குள் வழக்கமாக மருந்தைத் தெளிப்பதையும் புகையடிப்பதையும் பரிந்துரைக்கவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே எழுதிவிட்டது; துணியை மருந்தில் நனைத்துத் துடைக்க வேண்டும் என்பதே அதன் அறிவுரை. பரப்பைத் தொட்டு அந்த வைரஸ் தொற்றும் வாய்ப்பு, ஒரு தொடுதலுக்குப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது. அந்த நோய் அப்படி. கழிவுநீர் புகுந்த வீட்டின் கதை வேறு: வயிற்றுப்போக்குக் கிருமிகள், எலியின் சிறுநீரால் வரும் எலிக்காய்ச்சல் எல்லாம் அந்தச் சேற்றில் இருக்கக்கூடியவை. தேவையில்லாத இடத்தில் புகை போட்டுப் பழகியவர்கள், தேவைப்பட்ட இடத்திலும் புகையோடு நின்றுவிட்டார்கள் என்பதுதான் என் மனக்குறை.

ஆகவே மறுநாள் இரண்டாம் வரியை நானே செய்தேன். கருவி: சம்மணமிட்டு உட்காரப் பயன்படும் ஒரு மணை, இரண்டு வாளி, ரப்பர் கையுறை, பழைய கைலி, ஒரு கிலோ பிளீச்சிங் பவுடர். பிளீச்சிங் பவுடருக்கு கிளாஸ்கோவில் சார்லஸ் டெனன்ட் காப்புரிமை பெற்றது 1799இல். இன்றும் நம் தெருமுனை மளிகைக் கடையில் அதுதான் கிடைக்கிறது. புதிய தூளில் ஏறத்தாழ 33 விழுக்காடு குளோரின் உண்டு. பரப்புகளுக்கு 0.1 விழுக்காடு குளோரின் உள்ள கரைசல் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு மூன்று கிராம் என்று கணக்கு வருகிறது. பத்து லிட்டர் வாளிக்கு முப்பது கிராம். தூள் பழையதாக இருந்தால் பலம் குறைந்திருக்கும் என்பதால் நான் நாற்பது போட்டேன். சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். ஒரு கைப்பிடி, இரு கைப்பிடி என்று போடுகிறவர்கள் ஒன்று வீணாக்குகிறார்கள், அல்லது மூச்சுத் திணறுகிறார்கள்.

கரைக்கும் முறையில் நான் முதலில் பிசகினேன். சுடுதண்ணீரில் கலந்தால் நன்றாகக் கரையும் என்று நினைத்துவிட்டேன். சூடு குளோரினை ஓட்டிவிடும், பச்சைத் தண்ணீர்தான் வேண்டும். முதலில் சிறிது நீரில் குழம்பாகக் குழைத்து, வாளி நீரில் ஊற்றிக் கலக்கி, கால் மணி நேரம் அசையாமல் விட்டால் வெள்ளைக் கசடு அடியில் உட்காரும். அது சுண்ணாம்பு, வேலை செய்வது மேலே நிற்கும் தெளிந்த நீர். அதைத்தான் இன்னொரு வாளிக்கு மெல்லச் சரித்து எடுக்க வேண்டும். கசடோடு துடைத்தால் மொசைக் தரையெல்லாம் கோலம் போட்டது போல வெள்ளை படியும், அதைத் துடைக்க இன்னொரு நாள் ஆகும். கரைத்த நீரை அன்றே தீர்த்துவிட வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் வாசனை மட்டும் மிஞ்சும். நான் முதல்நாள் இரவே கரைத்து வைத்தது இரண்டு வகையில் அசட்டுத்தனம் என்று இப்போது தெரிகிறது.

தரை, ஸ்கர்ட்டிங், கதவின் கீழ்ப்பாதி, சமையல் மேடையின் அடி, தாழ்ப்பாள், குழாய்த் திருகு என்று ஒவ்வொன்றாக நனைத்தேன். துடைத்தேன் என்று சொல்லாமல் நனைத்தேன் என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. துணியைப் பிழிந்து ஒரு இழுப்பு இழுத்தால் அது அடுத்த நிமிடம் காய்ந்துவிடும். பத்து நிமிடம் ஈரம் நிற்குமளவுக்கு நனைத்து, காய்கிற இடத்தில் மறுபடி நனைத்து, பிறகு நல்ல தண்ணீரால் இரண்டு முறை துடைத்தேன். சுவிட்ச் போர்டுகளில் மட்டும் இதைச் செய்யவில்லை. மெயினை அணைத்துவிட்டு, எழுபது விழுக்காடு ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தேன். அம்மாவின் அம்மியை வெளியே தூக்கிப்போட்டு, தென்னந்துடைப்பத்தின் அடிக்கட்டையால் தேய்த்து, மூன்று முறை கொதிக்கக் கொதிக்க நீர் ஊற்றி, லிட்டருக்கு அரை கிராம் என்கிற மிக இலேசான பிளீச் நீரில் நனைத்து, மீண்டும் கழுவி, நான்கு நாள் வெயிலில் வைத்தோம். அதன் பிறகும் முதல் அரைப்பைப் பச்சரிசியால் செய்து கொட்டிவிட்டுத்தான் அம்மா தேங்காய் வைத்தார். குழவியைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னது: “வாசம் அடிச்சாப் போதும்னு இருக்காங்க. வழிச்சுக் கழுவாத வீட்டுக்கு ஊதுவத்தி ஏத்தின மாதிரிதான் அது.” ஒரு மணி நேரம் நான் தொலைபேசியில் மேற்பார்வையாளருக்கு விளக்கியதை அவர் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

பிளீச்சிங் பவுடரை நான் புகழ்ந்துகொண்டே போவதாக நினைக்க வேண்டாம், அதற்கும் குற்றங்கள் உண்டு. எஃகு சிங்க்கில் இரவு முழுவதும் அந்த நீரை விட்டுவிட்டேன். காலையில் பழுப்புப் புள்ளிகள் விழுந்திருந்தன, இன்றும் போகவில்லை. அலுமினியப் பாத்திரத்துக்கும் ஆகாது. என் கைலியில் நட்சத்திரம் நட்சத்திரமாக வெளுத்தது. மிக முக்கியமானது, அழுக்கு இருந்தால் குளோரின் அந்த அழுக்கோடு சண்டையிட்டே தீர்ந்துவிடும், கிருமிக்கு மிஞ்சாது. வெள்ளம் வடிந்த தெருக்களின் ஓரத்தில் சேற்றின் மேல் வெள்ளைக் கோடாகத் தூவியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்: தண்ணீரில் கரையாமல், சேற்றுக்கு மேல் கிடக்கும் தூள் அடியில் இருப்பதை என்ன செய்துவிடும்? ஆகவே முதல் வரியைச் செய்த அந்த மூன்று பேரும் இல்லாமல் என் வாளித் தண்ணீரால் ஒன்றும் ஆகியிருக்காது. அந்தப் பதினொரு சாக்குச் சேறு வெளியே போனதுதான் பாதிக்கு மேற்பட்ட கிருமிநீக்கம் என்று நான் நினைக்கிறேன்.

மற்ற புட்டிகளைப் பற்றிச் சுருக்கமாக. பென்சல்கோனியம் குளோரைடு உள்ள தரை திரவங்கள் அன்றாடத்துக்கு வசதி. எரிச்சல் குறைவு, எஃகைக் கெடுக்காது. ஆனால் சோப்புத்தூள் போட்டுக் கழுவி, அலசாமல் அதன் மேலேயே இதை ஊற்றினால் இரண்டும் ஒன்றையொன்று செல்லாக்காசாக்கிவிடும். பருத்தித் துணியும் பருத்தி மாப்பும் இந்த மருந்தைத் தமக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொண்டு தரைக்குக் குறைவாகவே தரும். அதற்கென்று விற்கும் செயற்கைநூல் மாப்பை வாங்குவதே மேல். பினாயிலைப் பொறுத்தவரை, தண்ணீரில் விட்டதும் எவ்வளவு பாலாக வெளுக்கிறது என்பதை வைத்து நம் வீடுகளில் தரம் பார்க்கிறார்கள். வெளுப்பு எண்ணெய்ச் சமாசாரம், கொல்லும் பலத்துக்கு அளவு அல்ல. 1903இல் ரிடீல், வாக்கர் என்ற இருவர் வகுத்த சோதனையின் எண்ணைத்தான் கறுப்புப் பினாயில் டப்பாக்களில் ஆர்.டபிள்யூ.சி. என்று போடுகிறார்கள், அந்த எண் இல்லாத சைக்கிள் வண்டிப் பினாயில் வாசனைக்கு மட்டும் உதவும். டெட்டாலில் இருக்கும் குளோராக்சிலினால் 4.8 விழுக்காடு, காயத்துக்கும் துணிக்கும் வீட்டில் இருக்கட்டும். முழு வீட்டுத் தரைக்கு அதை ஊற்றுவது செலவு. வீட்டில் யாருக்காவது வாந்தி, பேதி கண்டால் ஆல்கஹாலையும் பென்சல்கோனியத்தையும் நம்பாமல் நேராகப் பிளீச்சுக்குப் போய்விடுங்கள். அதற்குப் பல நேரங்களில் காரணமாகும் நோரோவைரஸ் முதல் இரண்டுக்கும் எளிதில் அடங்குவதில்லை.

வாங்குமிடம் பற்றி ஒரு வார்த்தை. பூங்கா நகர் நைனியப்ப நாயக்கன் தெருவில் இரசாயனக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சாக்குக் கணக்கில் வேண்டுமானால் அங்கே போகலாம். வீட்டுக்கு அது தேவையில்லை. வாய் கட்டாத மூட்டையிலிருந்து அள்ளித் தருவதை வாங்காமல், தயாரித்த மாதம் அச்சிட்ட, காற்றுப் புகாத ஒரு கிலோ உறையாக வாங்குவது நல்லது. நான் கொடுத்தது 60 ரூபாய், வீடு முழுவதற்கும் செலவானது அதில் கால் பங்குகூட இல்லை. பிரித்த உறையைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, குழந்தைகளுக்கு எட்டாத, வெயில் படாத இடத்தில், அமிலப் புட்டிக்குப் பக்கத்தில் இல்லாமல் வைக்க வேண்டும். தகர டப்பா துருப்பிடித்துவிடும்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: முதல் வரிக்கு ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண் குறைத்தது, குளியலறையில் அமிலம் ஊற வைத்திருப்பதாக வீட்டுக்காரருக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதற்காக. கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தாலும் நான் நின்றிருப்பேன். இரண்டாம் வரிக்கு ஐந்துக்கு அரை, அந்த அரையும் மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே உண்மையைச் சொன்னதற்கு.

2025 பொங்கலுக்கு முன், போகிக்கு வீட்டைக் கழுவ அதே நிறுவனத்தையே அழைத்தேன். பதிவு செய்யும் பெண் வழக்கம்போல இரண்டு வரிகளையும் வாசித்தார். இரண்டாவதை எடுத்துவிடுங்கள் அம்மா என்றேன். காரணம் கேட்டார், சொன்னேன். சற்று நேரம் யாரிடமோ பேசிவிட்டு வந்து, பழைய வாடிக்கையாளர் என்பதால் புகையை இலவசமாகவே போட்டுத் தருவதாகச் சொன்னார். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தையும் சமையலறைப் புகைபோக்கியின் சல்லடைக்குக் கொடுக்கச் சொன்னேன். போகிக்கு முந்தின நாள் அதே மேற்பார்வையாளர்தான் வந்தார். சல்லடையைக் கழற்றிச் சோடாத்தூள் கரைத்த வெந்நீரில் ஊறப்போட்டுவிட்டு, குளியலறைக் கதவில் ஒரு காகிதத்தை ஒட்டினார். ‘ஆசிட் உள்ளது, 20 நிமிடம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.